பென்சிலில் எழுதிய பெயர்

அடி அண்ணாமலைக்குப் பக்கத்துக் காலனியில் இருக்கும் எங்கள் சபையின் பழைய பதிவேட்டை யாராவது புரட்டினால், முதல் பக்கத்தில் பதினோரு பெயர்களைப் பார்க்கலாம். பதினொன்றும் பெண்கள். முதலில் பென்சிலில் எழுதினேன். ஏழு வருஷம் கழித்து, புத்தி கெட்டுப்போய், அதே பெயர்களின் மேல் மையால் எழுதினேன். முதல் பெயர் வெள்ளையம்மாளுடையது. அவள் வாழ்க்கையில் நான் கைவைத்த கதை அது.

என் வீட்டுக்காரர் அங்கே உபதேசியார். போதகர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் இவர்தான். இவர் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்பதால் பதிவேடு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் காலனிப் பள்ளிக்கூடத்து டீச்சர்.

வெள்ளையம்மாளை எனக்கு 1971இல் தெரியும். முப்பது வயது இருக்கும். புருஷன் சுப்பன் கிணறு வெட்டப் போய், பாறை சரிந்து செத்துப்போயிருந்தான். மலையடிவாரத்தில் புல் அறுத்து, கட்டாகக் கட்டி, டவுனில் ஜட்கா குதிரை வண்டிகள் நிற்கிற இடத்துக்குச் சுமந்து போய் விற்பாள். மகன் ராஜமாணிக்கம் என் வகுப்பில் படித்தான். அவனுக்குக் கீழே ஒரு பெண் குழந்தை இருந்தது. அம்மை வார்த்து அதுவும் போய்விட்டது.

புல் அறுக்கிறவர்கள் மத்தியானம் கிரிவலப் பாதையோரம் உட்கார்ந்து கூழ் குடிப்பார்கள். லீவு நாட்களில் நான் போய் வேதம் வாசித்துக் காட்டுவேன். ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்ப்பாள். ஒரு நாள் இயேசுவின் கல்லறைக்குப் பெண்கள் போன கதையைச் சொன்னேன். வெள்ளையம்மாள் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க டீச்சரம்மா. பொம்பளைங்க போனாங்களா?"

"போனாங்க. அவங்கதான் மொதல்ல போனாங்க."

"ஆம்பளைங்க?"

"பயந்துகிட்டுக் கதவச் சாத்திட்டு உள்ளார இருந்தாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "யாரும் தடுக்கலியா?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் சாவு எடுத்தால் பெண்கள் முச்சந்திப் புளியமரம் வரைக்கும்தான் போகலாம். அங்கே பாடையை இறக்கித் திருப்பிவைப்பார்கள். பெண்கள் அழுதுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு திரும்ப வேண்டும். சுடுகாடு ஆம்பிளைகள் சமாசாரம். வெள்ளையம்மாளின் குழந்தையையும் அங்கிருந்துதான் ஆம்பிளைகள் தூக்கிப்போனார்கள்.

"எம் பொண்ணு குழி எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது டீச்சரம்மா" என்றாள். எனக்கு அதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் அவள்தான் எல்லாரையும் இழுத்துவந்தாள். என் வீட்டுக்காரர் நாலு வருஷம் தெருத்தெருவாகப் பிரசங்கம் பண்ணி ஒரு ஆளைச் சேர்க்கவில்லை, பாவம். இவள் தலையில் கட்டோடு வரிசையாக டவுனுக்கு நடக்கும்போதே காரியத்தை முடித்துவிட்டாள். கதையை முன்னால் போகிறவளுக்குச் சொல்வாள், அவள் அடுத்தவளுக்கு. வேதத்தில் வருகிற, சபைக்குத் தன் வீட்டையே கொடுத்த லீதியாள் என்ற துணி வியாபாரி, வரிசை முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தேரடித் தெருவில் தவணைக்குப் புடவை விற்கிற அம்மாவாகிவிடுவாள். "ஐயோ சாமி, அப்படி இல்லடி!" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

1972இல் ஏரியில் பதினோரு பேருக்கு ஞானஸ்நானம். ஆம்பிளை ஒருத்தன்கூடக் கிடையாது. புதுப் பெயர் வைக்க நான் சில பெயர்களைச் சொன்னேன். பெபேயாள் யார் என்று வெள்ளையம்மாள் கேட்டாள். ஒரு சபையின் ஊழியக்காரி, ரோமாபுரிவரைக்கும் கடிதம் சுமந்துபோனவள் என்று சொல்வார்கள் என்றேன். "சுமந்துட்டு நடந்தாளா? அப்ப அந்தப் பேரே இருக்கட்டும்" என்றாள்.

ஆனால் பதிவேட்டைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க டீச்சரம்மா. நான் வேதக்காரின்னு எழுத்துல இருந்தா பையனுக்கு சாதி சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாங்க. அவன் படிக்கணும்."

அது உண்மைதான். காலனிப் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் இருக்கிற சலுகை, வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், ஆகிவிட்டால் போய்விடும். எழுதாவிட்டால் போதகர் கோபிப்பார். கடைசியில் நான்தான் வழி சொன்னேன். பென்சிலில் எழுதுகிறேன், யாராவது கேட்டு வந்தால் அழித்துவிடலாம். பதினோரு பேரும் சம்மதித்தார்கள். பிரார்த்தனை வெள்ளையம்மாளின் குடிசையிலேயே நடந்தது.

பிறகு சபைக்கு அரை ஏக்கர் கிடைத்தது. முழுக்க முள்ளுக்காடு. பெண்களே வெட்டினார்கள். கிழக்கு மூலையைக் கல்லறைத் தோட்டம் என்று ஒதுக்கியபோது வெள்ளையம்மாள் ஒரு வேப்பங்கன்றை நட்டாள்.

"நான் செத்தா இங்கதான். நீங்க எல்லாரும் குழி வரைக்கும் வரணும். ஒருத்தியும் முச்சந்தியில நின்னுடக் கூடாது. டீச்சரம்மா, மண்ணு தள்றப்ப நீங்க என் வேதப் பேர ஒரு தரம் சத்தமாச் சொல்லணும். உசுரோட இருக்கறப்பதான் யாரும் கூப்புட முடியல."

அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான். பாவி, நான்தான் அதைக் கெடுத்தேன்.

1979இல் அந்த இடத்தில் சபைக்குக் கோயில் கட்டினோம். அதற்குள் ஆம்பிளைகளும் சேர்ந்திருந்தார்கள். செங்கல் சுமந்ததெல்லாம் பெண்கள். பிரதிஷ்டை அன்று திரையை விலக்கினால், கல்லில் 'சபையை ஸ்தாபித்தவர்கள்' என்று ஐந்து ஆம்பிளைப் பெயர்கள். முதல் பெயர் பலராமன். சபைக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகாத மனுஷன், அதற்குள் கமிட்டித் தலைவர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரிடமே போய்க் கேட்டேன்.

"பொம்பளைங்க பேரெல்லாம் எதுக்கு டீச்சர்? அவங்க ரிஜிஸ்டர்லயே பென்சில்லதான இருக்காங்க!" என்று சிரித்தார்.

அன்று சாயந்திரமே மைக்கூட்டை எடுத்து உட்கார்ந்தேன். 'பெபேயாள் என்கிற வெள்ளையம்மாள், கணவர் பெயர் சுப்பன்.' பதினோரு பெயர்களையும் அழுத்தி அழுத்தி எழுதினேன். சர்ட்டிபிகேட்டோ, ராஜமாணிக்கமோ, ஒன்றும் என் நினைவுக்கு வரவில்லை. பலராமனின் சிரிப்புதான் கண்ணில் நின்றது. கோபம் ஆறியபோது மை காய்ந்திருந்தது. வெள்ளையம்மாளிடம் நான் சொல்லவில்லை. பயம், வேறென்ன.

ராஜமாணிக்கம் படித்து, வேலூரில் அரசாங்கக் குமாஸ்தா ஆனான். வெள்ளையம்மாள் அப்போதும் புல் அறுத்தாள். "எம் பையன் ஃபேனுக்கு அடியில உக்காந்து வேல செய்றான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். 1983இல் அவன்மேல் யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள். இவன் அம்மா வேதக்காரி, சர்ட்டிபிகேட் பொய் என்று. ஒரு விசாரணை அதிகாரி நேராகக் கோயிலுக்கே வந்து பதிவேட்டைக் கேட்டார்.

வெள்ளையம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் பதற்றமே இல்லாமல் வந்து நின்றாள். பென்சில் எழுத்தை நான் எப்போதோ அழித்திருப்பேன் என்று நம்பியிருந்தாள். அதிகாரி முதல் பக்கத்தைத் திறந்தார். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் நிறம் தெரியும். நீல மையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"இது நீங்கதானே?"

"நான் இல்லீங்க."

"இந்தக் கோயிலுக்கு வர்றவங்கதானே நீங்க?"

அவள் நின்றிருந்த தரை அவள் சுமந்த கல்லால் ஆனது. "எனக்கும் இந்தக் கோயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க" என்றாள். குரல் நடுங்கவே இல்லை. பலராமன் முதல் கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"ஆள் ஜாஸ்தியாக் காட்டறதுக்கு நானாவே எழுதிட்டேன் சார்" என்று நானும் சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். ராஜமாணிக்கத்தின் வேலை தப்பித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. அரசாங்க ஆள் முன்னால் ஆண்டவரை மறுதலித்தவளுக்கு இனிச் சபையில் பங்கில்லை, கல்லறைத் தோட்டத்திலும் இடமில்லை என்று பலராமன் சொன்னார். மையால் எழுதியது என் தப்பு என்று நான் கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பேதுரு மூணு தடவ மறுதலிச்சாரே! அவரத்தான ஆண்டவர் தலைவரா வச்சாரு?"

"அவரு அப்போஸ்தலர், டீச்சர்."

"அவரு ஆம்பளைன்னு சொல்லுங்க!"

என் வீட்டுக்காரர் என்னை வெளியே இழுத்துவந்தார்.

வெள்ளையம்மாள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் புல்லுக்கட்டோடு கோயில் வேலிக்கு வெளியே நிற்பாள். பாட்டு முடிந்ததும் போய்விடுவாள். மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

1986இல் வயிற்றில் கட்டி வந்து படுத்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். தேகத்தில் எலும்புதான் மிச்சம்.

"தோட்டத்துல இடம் இல்லன்னுட்டாங்க, தெரியும். ஊர் சுடுகாட்லதான் பொதைப்பாங்க. பரவால்ல. நீங்க மட்டும் குழி வரைக்கும் வந்து அந்தப் பேர சொல்லிடுங்க டீச்சரம்மா. வருவீங்கல்ல?"

"வருவேன். யார் தடுத்தாலும் வருவேன்" என்று கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

நாலாம் நாள் செத்துப்போனாள். நெற்றியில் விபூதி பூசி, மேளத்தோடு எடுத்தார்கள். பழைய பத்துப் பேரும் வந்திருந்தார்கள். ராஜமாணிக்கத்தின் ஆபீசிலிருந்து நாலு பேர் மாலையோடு வந்திருந்தார்கள். முச்சந்திப் புளியமரத்தடியில் பாடையை இறக்கித் திருப்பிவைத்தார்கள். பெண்கள் நின்றார்கள். நான் நிற்காமல் நடந்தேன்.

ராஜமாணிக்கம் குறுக்கே வந்தான். மொட்டைத் தலை, அழுது வீங்கிய கண்.

"டீச்சர், உங்க கால்ல வுழறேன். நீங்க அங்க வந்து எதுனா சொன்னீங்கன்னா போச்சு. ஆபீஸ்காரங்க பாத்துட்டு இருக்காங்க. எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குது."

நான் அ, ஆ சொல்லிக்கொடுத்த பையன். அவன் தோளுக்கு மேலே பாடையைப் பார்த்தேன். திரும்பிப் பத்துப் பேரையும் பார்த்தேன். அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயிருந்தாவது கத்திச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"வெள்ளையம்மா!" என்றுதான் வந்தது.

ஆம்பிளைகள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நாங்கள் பதினோரு பேரும் அங்கேயே காலைக் கழுவிக்கொண்டு திரும்பினோம். அவள் குழி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.