நாத்தனார் முடிச்சுக்கு ரயில் பயணம்

சிதம்பரத்தில் என் தம்பிக்கு அறுபதாம் கல்யாணம். தாலிக் கயிற்றில் முதல் முடிச்சைத்தான் அவன் போடுவான். மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, அதாவது என்னுடையது. அவனுடைய முதல் கல்யாணத்திலும் நான்தான் போட்டேன். இந்த முறை நான் தவறினால் போடுவதற்கு எங்கள் சித்தப்பா மகள் புதுப் பட்டோடு காத்திருந்தாள்.

மகன் கார் வைக்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். எங்கள் கடலூருக்கு ஸ்டேஷனே இரண்டு. அதில் ஒன்றில் முதியோருக்கு லிஃப்ட் வைத்து ரிப்பன் வெட்டியதை டிவியில் பார்த்திருந்தேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன், இரண்டுக்கும் ரோஷம் ஜாஸ்தி.

வீட்டுக்காரரும் நானும் போனோம். ரயில் இரண்டாம் பிளாட்பாரத்தில் என்றார்கள். லிஃப்ட் கண்ணாடி பளபளவென்று இருந்தது. மேலே 'முதியோருக்கு' என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பூட்டைப் படிக்க எழுத்து தேவைப்படவில்லை.

அங்கிருந்த ஊழியரிடம் கேட்டேன். திறந்து வைத்தால் எல்லாரும் ஏறிக் கெடுத்துவிடுகிறார்களாம், அதனால் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். நானும் வீட்டில் வெள்ளி விளக்கை அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் ஏறி யாரும் சிதம்பரம் போக வேண்டியதில்லை. சாய்தளமும் உண்டாம், கடைக்கோடியில். பைக் ஏறாமலிருக்கக் குறுக்கே கம்பி நட்டுவிட்டார்கள்.

"வீல்சேர் இருக்குதுங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"இருக்குதே. ரெண்டாவது பிளாட்பாரத்துல."

அந்தப் பக்கம் நடந்து போய் அதில் உட்கார்ந்து இந்தப் பக்கம் வந்தால் சரியாக இருக்குமா என்று கேட்டேன். ஊழியர் சிரிக்கவில்லை.

படியில் ஏறினேன். கை கொடுக்க வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். மேம்பாலத்தின் உச்சிக்குப் போனபோது ரயிலின் முதுகு தெரிந்தது. நல்ல அகலமான முதுகு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர ஆரம்பித்தது.

"மாமா, நீங்களாவது ஓடிப்போய் ஏறுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நான் போயி எந்த முடிச்சப் போடறது?" என்றார்.

பஸ் பிடித்தோம். கண்டக்டர் என்னைக் கையைப் பிடித்து மேலே இழுத்தார். அதை உதவியென்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, அவசரம் அவருடையது. சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டும்போது தம்பி போன் செய்தான். முகூர்த்தம் போகிறது, ஐயர் அவசரப்படுத்துகிறார் என்றான். சித்தப்பா மகளையே போடச் சொல் என்பது வாய்வரை வந்தது. உன் முடிச்சை நீ போடு, வந்துகொண்டிருக்கிறேன் என்று போனை வைத்தேன்.

மண்டபத்தில் தம்பி பெண்டாட்டி, ஒற்றை முடிச்சுத் தாலியைப் பின்கழுத்தில் ஒரு கையால் பிடித்தபடி மணையில் உட்கார்ந்திருந்தாள். ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போயிருந்தார். சித்தப்பா மகள் நீட்டிய கையை இவள் தட்டிவிட்டாளாம். நான் பின்னால் போய் நின்று மூச்சு வாங்கினேன். அவள் திரும்பாமலே கையை எடுத்தாள்.

"இறுக்கிப் போடுங்க அண்ணி. எம்பதாம் கல்யாணத்துக்கும் நீங்க ரயில்லதான வருவீங்க. அதுவரைக்கும் தாங்கணும்."

இறுக்கித்தான் போட்டேன்.