ஆரோக்கியம் வெட்டிய குளம்

போன வாரம் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு கல்யாணம். கை கழுவக் குழாயைத் திறந்ததும் குப்பென்று பிளீச்சிங் பவுடர் வாசனை, அந்தக் காலத்து நீச்சல் குளத்து வாசனை. அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து இலைக்காரர், சுகர் மாத்திரை போட்டீர்களா என்று விசாரித்தார். சுகரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, கோபம். அந்த மண்டபத்துக்குப் பின்னால்தான் பழைய மனமகிழ் மன்றம் கிடக்கிறது என்று ஞாபகம் வந்துவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கம்பி வேலியில் நுழைந்ததில் புது வேட்டி கிழிந்தது. சீட்டாட்ட ஹாலுக்குக் கூரை இல்லை. பூப்பந்து மைதானம் முழுக்கச் சீமைக்கருவேலம். நீச்சல் குளத்தில் மண்டபத்து எச்சில் இலைகள். ஆனால் பாருங்கள், வாசலில் பதித்த சலவைக்கல் மட்டும் பளபளவென்று இருக்கிறது. காரியதரிசி பெயர், மிராசுதார்கள் பெயர், வரிசையாக. குளத்தை வெட்டியவன் பெயர் மருந்துக்குக்கூட இல்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஐம்பதுகளின் கடைசியில் எதற்கெடுத்தாலும் சிரமதானம்; இந்தக் குளமும் அப்படி வெட்டியதுதான். கூலி கிடையாது, ஊரே கூடி ஞாயிற்றுக்கிழமை உழைக்க வேண்டும். பெரிய மனிதர்கள் மண்வெட்டியைப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நாலடி தோண்டியதும் பாறை. திண்டுக்கல்லில் வேறென்ன வரும்? அதை உடைத்தவன் ஆரோக்கியம். சித்தையன்கோட்டைப் பக்கம் கிணறு வெட்டுகிறவன், என் வயதுதான். ஞாயிறு தவறாமல் கடப்பாரையோடு வந்துவிடுவான். சேரிக்காரன் என்பது பாறை உடைக்கும்போது ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. சோறு போடும்போது மட்டும் அவன் இலை தள்ளிப் போய்விடும்.

அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "தண்ணி விட்டதும் ஒருவாட்டி உள்ள எறங்கணும் அப்பு. நான் வெட்டுன ஆழத்துல முங்கி, அடியத் தொட்டுப் பாக்கணும்."

குளம் திறந்தார்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டினார்கள். அப்போது நான் மன்றத்துக் கிளார்க். சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு கலெக்டர் மாதிரி நடப்பேன். விருந்தாளிக்கு நுழைவுச் சீட்டு எழுதும் அதிகாரம் எனக்கு இருந்தது. ஆள் இல்லாத ஒரு மத்தியானம் பார்த்து, ஆரோக்கியத்துக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என்னைப் போல நல்லவன் உண்டா என்று எனக்கே பெருமை.

முங்கினான். ரொம்ப நேரம் காணோம், விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தேன். மேலே வந்து, "தொட்டுட்டேன் அப்பு" என்று சிரித்தான்.

கரையேறி அவன் சட்டை போடும்போது காரியதரிசி வந்துவிட்டார். இவனை யார் உள்ளே விட்டது என்று என்னைத்தான் கேட்டார். ஆரோக்கியத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. சீட்டு அதில்தான் இருந்தது.

"செவரேறிக் குதிச்சிருப்பான் சார்" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால்.

அவன் என்னைப் பார்த்தான். பையிலிருந்து வெறுங்கை வெளியே வந்தது. "ஆமாங்கய்யா. செவரேறித்தான் வந்தேன்." காரியதரிசி ஓங்கி அறைந்தார். ஈரத் தலையோடு வெளியே போனவன்தான், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

தீட்டுப்பட்ட தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக்கூடாது என்று உத்தரவு. வால்வைத் திறந்த கையும் சீட்டு எழுதிய இதே கைதான். நல்ல கோடை, ஊரே ஒரு குடம் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட நேரம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துப் பெண்கள் குடங்களோடு ஓடிவந்தார்கள். இம்புட்டு நல்ல தண்ணியை ஏன் திறந்து விடுறீங்க என்று ஓர் அம்மா கேட்டது. கிளீனிங் என்றேன். வெட்கங்கெட்டவன், இங்கிலீஷில் சொன்னேன்.

பிறகு வேலை மாறி, கல்யாணமாகி, தைரியம் வந்து சித்தையன்கோட்டைக்குப் போனபோது, அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியிருந்தது. காரியதரிசியும் போய்விட்டார்; அவர் பிள்ளைகள் இந்த இடத்துக்காகக் கோர்ட்டில் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

சீட்டு எழுதிக் கொடுத்தது நான் சார், அவன் சுவரேறவில்லை. அன்று இதைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். இப்போது சொல்லலாம் என்றால், அறைந்தவரும் இல்லை, அறை வாங்கியவனும் இல்லை.