அங்கமுத்து விழுந்த இடங்கள்

இடது கால் மடங்கியிருக்க வேண்டும், வலது கை தலைக்கு மேலே போயிருக்க வேண்டும், வாய் திறந்திருக்க வேண்டும். அங்கமுத்து பாறையில் மல்லாந்து படுத்து அப்படியே செய்து காட்டுவார். "இப்படித்தானுங்க கெடந்தேன். மேல ஒரு பருந்து சுத்துச்சு. சரி, கெளம்பியாச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்." மலையேற வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அந்த இடத்தை ஒருவர் பாக்கியில்லாமல் தவழ்ந்து தாண்டுவார்கள். அவருக்கு வேண்டியது அதுதான்.

சேந்தமங்கலத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஊசிக்கரடு என்ற குன்றுக்குப் படி கிடையாது. மொட்டைப் பாறை, உச்சியில் ஒரு வேல், அதற்குப் பக்கத்தில் ஒரு சுனை. ஆடிக் கிருத்திகைக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கிக் கொண்டுவருவது இருபது வருஷமாக அங்கமுத்துவின் வேலை. ஆளைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. குள்ளம், சின்னத் தொந்தி, நடக்கும்போது முட்டி இரண்டும் உரசும். பயமாக இருக்காதா என்று கேட்டால், ஊட்டுக் கூரைமேல் ஏறினாலே தனக்குத் தலை சுற்றும் என்பார். அது பொய்யில்லை.

பதினோரு இடங்களில் விழுந்திருக்கிறார். பத்து இடங்களுக்கு அவரே பேரும் வைத்திருக்கிறார். முன்பல் இரண்டும் போன இடம் பல்லுப்பாறை. வேட்டி மேலேயே தங்கிவிட, ஆள் மட்டும் கீழே வந்து சேர்ந்த இடம் கோவணத்திட்டு. ஏழாவது இடத்துக்கு மட்டும் பேர் இல்லை. எப்படி விழக்கூடாது என்று ஒரு வாத்தியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தது. பேர் வைக்க வெட்கமாக இருக்கிறதாம்.

களத்துமேட்டில் அவர் கூலியாள். கரட்டில் கால் வைத்துவிட்டால் பண்ணையக்காரர்கூட அவர் உட்காரச் சொன்னால் உட்காருவார், எழச் சொன்னால் எழுவார். அங்கமுத்துவுக்கு ஊரில் இருந்த மரியாதை அந்த ஒன்றுதான்.

ஆறாம் ஜார்ஜுக்குப் பட்டம் சூட்டிய வருஷம் அதற்கும் ஆபத்து வந்தது. முந்திய ஆடியில் வெளியூர்க்காரன் ஒருவன் கள்ளைக் குடித்துவிட்டு ஒரு கும்பலை மேலே கூட்டிப் போனான். வந்தவர்களில் ஒருவருக்கு இடுப்பு முறிந்தது. கோயில் கமிட்டி கூடியது. இனி பரீட்சை கொடுத்து சர்டிபிகேட் வாங்காதவர் யாரையும் ஏற்றக்கூடாது என்று முடிவாயிற்று. பாறைக்கு எதற்குக் காகிதம் என்று ஊர் முணுமுணுத்தது. அங்கமுத்து மட்டும் கமிட்டி பக்கம். தன்னைப் போல ஒரு ஆளை நம்பிச் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறதே, ஏன் என்று கேட்க ஒரு நாதி வேண்டாமா என்றார். தனக்கே கிடைக்காமல் போகும் என்று அவர் நினைக்கவில்லை.

பரீட்சையன்று காலையில் மனைவி குஞ்சம்மாள், இன்றைக்கு ஒரு நாள் வாயைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லித்தான் அனுப்பினாள். கமிட்டித் தலைவர் சென்னிமலைக் கவுண்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏப்பா அங்கமுத்து, நீ எத்தனை தடவை உளுந்திருக்கறே?" இப்படி ஒரு வாய்ப்பை அங்கமுத்து எப்படி விடுவார்? பதினொன்றையும் சொன்னார். இரண்டை வேப்பமரத்தடியில் படுத்தும் காட்டினார். கமிட்டியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே பதினொன்று என்று எழுதிக்கொண்டார். அடுத்து வந்தவர் கந்தவேல், குஞ்சம்மாளின் அண்ணன். மூன்று வருஷமாகத்தான் கரடு ஏறுகிறார். தன் கால் கட்டை விரலைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஏறுகிற மனிதர். ஒரு தடவைகூட விழவில்லை என்றார். அது உண்மை. சர்டிபிகேட் அவருக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்த அங்கமுத்து அதையும் வேடிக்கையாக்கப் பார்த்தார். "கமிட்டி முன்னாலயும் உளுந்தாச்சு புள்ளே. ஆக மொத்தம் பன்னெண்டு."

குஞ்சம்மாள் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பதிமூணுங்க" என்றாள்.

அன்று அவர் அதற்குமேல் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கந்தவேல் வந்தார். சட்டைப் பையில் சர்டிபிகேட்டை மடித்து வைத்திருந்தார். கிருத்திகைக்கு நாற்பது பேர் வருகிறார்கள், பாதிப் பேர் பெண்கள். யாருக்காவது ஏதாவது ஆனால் காகிதத்தில் பேர் உள்ளவன்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. "மாப்ளே, நீங்க உளுந்த எடமெல்லாம் எனக்குக் காட்டோணும்" என்று கேட்டார். கேட்பதற்கு அவர் கூச்சப்படவில்லை.

சர்டிபிகேட்காரர் முன்னே, தோற்றவர் பின்னே என்று வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டே அங்கமுத்து ஏறினார். ஒவ்வொரு இடத்திலும் படுத்துக் காட்டினார். பதினொன்றாவது முடிந்து, சுனைக்குக் கீழே உள்ள சரிவுக்கு வந்தார்கள். பார்வைக்குச் சின்னச் சரிவு, குழந்தைகூட ஏறிவிடும். அதைத் தாண்டி மேலே நின்றதும் அங்கமுத்து கந்தவேலின் தோளைத் தொட்டு நிறுத்தினார். இங்கே அவர் படுக்கவில்லை.

"இங்க நான் உளுகலீங்க மச்சான். குஞ்சம்மா உளுந்தா."

கல்யாணமான மூன்றாம் மாதம். புதுப் பெண்டாட்டியிடம் வீரத்தைக் காட்டக் கூட்டி வந்தார். சுனையில் கை நனைத்த ஈரத்தோடு மேலே நின்று அவள் விரல்களைப் பிடித்தார். விரல்கள் வழுக்கிவிட்டன. முதுகில் சுமந்து இறக்கியவர், கிணற்றுப் படியில் வழுக்கிவிட்டாள் என்று மாமனார் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவளும் மறுத்துப் பேசவில்லை. அவளுக்கு இடது கால் ஓர் அங்குலம் குட்டையாகவே நின்றுவிட்டது. கமிட்டி தன்னைத் தள்ளியது சரிதான் என்று அங்கமுத்துவுக்குத் தெரியும்; அவர்கள் தள்ளிய காரணம்தான் வேறு. சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது, மச்சானின் முகத்தைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

"பொம்பளைங்க வாராங்கன்னீங்க. அதான் சொல்றேன். வெரலைப் புடிச்சராதீங்க. மணிக்கட்டைப் புடிக்கோணும்."

கந்தவேல் வெகுநேரம் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்றில் அவர் துண்டு பறந்து முகத்தில் அடித்தது, ஒதுக்கவில்லை. பிறகு சரிவில் நாலடி இறங்கினார். காலை ஊன்றிக்கொண்டு திரும்பி, விரல்களை இறுக மடக்கி, மணிக்கட்டை அங்கமுத்துவை நோக்கி மேலே நீட்டினார்.