லயத்துப் பிள்ளைக்குச் சீனி வியாதி

வருசத்துக்கு ஒருமுறை எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு டாக்டரையா வருவார். அவர் டாக்டர் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுப்பவர். பிள்ளைகளை நிறுத்தி, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ஒவ்வொரு வாயிலும் வயிற்றுப்பூச்சி மருந்தை ஊற்றுவார். பரிசோதனை முடிந்தது. மெலிந்தாலும் பூச்சி, சோர்ந்தாலும் பூச்சி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர்களுக்கு வேறு நோய் வர அவர் அனுமதித்ததே இல்லை.

அந்த வருசம் என் தங்கச்சி எலும்பாகிக்கொண்டிருந்தாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். வளர்ந்த பிள்ளை, பாயை நனைத்தாள். அவளுக்கும் பூச்சி மருந்துதான். நான் ஹட்டனில் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவள், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இந்த நோயைப் பாடத்தில் படித்திருந்தேன். தங்கச்சியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“மூத்திரத்துல சீனி இருக்கான்னு பாருங்க ஐயா.”

டாக்டரையா யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்தார். “அது துரைமாருக்கு வாற வருத்தம், பிள்ளை. உங்கட ஆக்கள் சீனியை எங்க கண்டவை?”

“வாய மூடுடி,” என்று அம்மா என் கையைக் கிள்ளினாள்.

நான் நகரவில்லை. மூத்திரத்தைப் போத்தலில் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கவும் போத்தல் நாம்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டில் இருந்தது கித்துள் பனையின் இனிப்புப் பாகான பாணி வைத்த போத்தல் ஒன்றுதான். அம்மா அதைப் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, நிரப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் டாக்டரையா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். “பாணி! படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ இது?”

எல்லாவற்றையும் சாக்கடைக் கானில் ஊற்றினார். வேறு போத்தல் கேட்கத் தோன்றவில்லை அந்த மேதைக்கு. நான் அவருடைய மேசையிலிருந்தே ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, தங்கச்சியைக் கக்கூசுக்குக் கூட்டிப்போய் வந்தேன்.

“இது ஒங்க சாமான்தானே ஐயா. காய்ச்சுங்க.”

குழாயில் நீல மருந்தைச் சேர்த்து விளக்கில் பிடித்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. சீனி நிறைய இருந்தால்தான் அந்த நிறம் வரும். அன்றே கொழுந்து லொறியில் தங்கச்சியை நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர்.

அவள் திரும்பி வந்த அன்று டாக்டரையா அம்மாவிடம், “நல்லகாலம், நான் கண்டுபிடிச்சன்,” என்றார்.

“சாமி, நீங்கதான் காப்பாத்துனீங்க!” அம்மா கும்பிட்டாள்.

தங்கச்சி என் காதில் சொன்னாள்: “அக்கா, தெனம் ஊசி போடணுமாம். இந்த ஆளு கையால நான் போட்டுக்க மாட்டேன். நீ கத்துக்க.”

கற்றுக்கொண்டேன். அவர் காட்டிக்கொண்ட அளவுக்கு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.