சீனியம்மாளின் மூக்கும் வெள்ளைப் பெட்டியும்

கொச்சி மட்டாஞ்சேரியில் சீனியம்மாளின் மூக்குக்கு இருந்த மரியாதை பல முதலாளிகளுக்கே கிடையாது. மருந்துச் சரக்குக் கிடங்கில் ஒரு மூட்டையைப் பிரித்து, குனிந்து, கண்ணை மூடி, "நல்லாயிருக்கு" என்று அவள் சொல்லிவிட்டால் அது நல்ல சரக்கு. "பூசணம்" என்றால் குப்பைக்குப் போகும். முதலாளி சுதீர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டதில்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு கட்டட வேலைக்கு வந்தவள், கல் சுமப்பதை விட்டுவிட்டு இங்கே இருபது வருஷம் நிலைத்தது அந்த மூக்கால்தான்.

அந்த மூக்கு செத்து நாலு வருஷமாகிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெளியே சொன்னால் வேலை போய்விடுமே என்று பயந்தாள். அதனால் மனசிலிருந்து எடுத்து முகர ஆரம்பித்தாள். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியே வெயில் இறங்கி, தூசி மினுமினுத்து மிதக்கும் மதிய நேரத்தில், மூட்டைமேல் குனிந்து கண்ணை மூடுவாள். வெட்டிவேர் என்று எழுதிய மூட்டையில் வெட்டிவேர் மணக்கும். திப்பிலி காரமாக ஏறும். நிஜமாகவே மணக்கிறது என்று சில நாள் அவளே நம்பிவிடுவாள். அந்த மயக்கம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. உண்மையில் சரக்கைச் சோதித்தது அவள் கைதான். பட்டையை ஒடித்துச் சத்தம் கேட்பாள். இலையை உள்ளங்கையில் கசக்குவாள். ஈரமேறியது நொறுங்காது, துவளும். இப்படியே நாலு மழைக்காலம் தப்பித்துவிட்டாள்.

அப்புறம்தான் பெட்டி வந்தது. களமசேரிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஷம்சியா, கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், கிடங்குச் சுவர்களில் நாலு வெள்ளைப் பெட்டிகளை மாட்டினாள். அவை நாள் முழுக்கக் காற்றை இழுத்து, ஈரத்தையும் தூசியையும் பூசணத் துகளையும் அளக்கும். எந்தக் காற்று சரக்கைக் கெடுக்கும், எந்தக் காற்று ஆளைக் கெடுக்கும் என்று செயற்கை நுண்ணறிவு அதிலிருந்து கற்றுக்கொள்ளுமாம். ஆனால் எது நல்ல மூட்டை, எது கெட்டது என்று முதலில் யாராவது அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"உங்க மூக்குதான் இதுக்கு வாத்தியார், அக்கா" என்றாள் ஷம்சியா. சுதீர் பெருமையாகச் சிரித்தான். சீனியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த மூட்டையைப் பிரித்தாள்.

ஆடியை இங்கே கர்க்கடகம் என்பார்கள். மழை கொட்டுகிற மாதம். ஊரே மருந்துக் கஞ்சி குடிக்கிற மாதமும் அதுதான். சரக்கு கெட்டுப்போகத் தோதான நாளில்தான் அது அதிகமாகத் தேவைப்படும். இப்படி நாள் குறித்த புண்ணியவான் கிடங்கு வேலை பார்த்தவனாக இருக்க முடியாது. மறுநாள் கஞ்சி மருந்துப் பொட்டலம் கட்ட வேண்டும் என்றிருந்த மதியத்தில் ஷம்சியா மடிக்கணினியோடு வந்தாள்.

"பெட்டியும் நீங்களும் இருநூறு மூட்டைக்கு ஒண்ணுபோலத்தான் சொல்லியிருக்கீங்க அக்கா. அந்த மூலையிலதான் சின்ன வழக்கு. நன்னாரி அஞ்சு மூட்டையும் நல்லதுன்னு நீங்க சொன்னீங்க. அங்க காத்து மோசம்னு பெட்டி ஒரு வாரமா கத்திட்டிருந்துச்சு."

"அப்புறம்?"

"நீங்க சொன்னா சொன்னதுதானே. அது நல்ல காத்துதான்னு திருத்திப் பழக்கிட்டேன். இப்ப கத்தறதில்ல. அடுத்த வாரம் தோப்பும்படியில இருக்கிற கிடங்குலயும் இப்படிப் பழக்கினதையே வைக்கப் போறோம்."

சீனியம்மாள் அந்த மூலையைப் பார்த்தாள். தினமும் அவள் சோறு தின்னும் இடம். நன்னாரி மூட்டையில் சாய்ந்து, உண்ட மயக்கத்தில் கொஞ்சம் கண்ணசருகிற இடம். ஒரு மாதமாக விடாமல் இருமுகிறாள். மழை மேல் பழியைப் போட்டிருந்தாள். மூட்டையின் மேலே இருக்கிற நன்னாரி வேர் டக்கென்று ஒடியும், அடியில் பூசணம் பூத்திருந்தால் கைக்குத் தெரியாது, மணம்தான் காட்டிக்கொடுக்கும். அவளுக்கு அது தெரியாததல்ல. ஆனால் எல்லா மணத்திலும் அவளுக்கு உயிரானது நன்னாரி. கண்ணை மூடினால் அதுதான் முதலில் வரும். அந்த அஞ்சு மூட்டையை முகர்ந்த அன்றும் வந்தது, அவளும் நம்பிவிட்டாள்.

"மோளே" என்றாள். "எனக்கு மணமே தெரியாது. நாலு வருஷமா."

வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்த சுதீர் தம்ளரைக் கீழே வைத்தான். எழுந்து வந்து, ஒரு நன்னாரி மூட்டையின் அடியைக் கத்தியால் கிழித்தான். சாம்பல் பூத்த வேர்கள் சரிந்தன.

"பிரசவம் கழிஞ்ச பெண்ணுங்க குடிக்கிற கஞ்சி, சேச்சி."

"தெரியும் சேட்டா. அதான் சொல்லிட்டேன்." அவமானத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. இருபது வருஷம் இன்றோடு முடிந்தது என்று நினைத்தாள்.

சுதீர் மூலையில் இருந்த அவளுடைய தூக்குவாளியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "நாளை முதல் மூக்கு வேண்டா, கை மதி, அது போதும். ஆனா அந்த மூலையில இருந்து இனி சோறு உண்ணண்டா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷம்சியாவிடம் திரும்பினாள். "நீ முகர்ந்து சொல்லு. எப்படியிருக்கு?"

ஷம்சியா குனிந்தாள். "நனைஞ்ச பழைய பாய் மாதிரி."

சீனியம்மாள் பழக்கம்போலக் கண்ணை மூடினாள். நன்னாரி வரவில்லை. எதுவுமே வரவில்லை. கண்ணைத் திறந்தாள்.

"பூசணம்னு எழுது" என்றாள். "அது சொன்னதுதான் சரின்னு பெட்டிக்கும் சொல்லிடு. எனக்காகத்தான் கத்தியிருக்கு பாவம்."

பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, காற்று வருகிற வாசல் பக்கம் போய் உட்கார்ந்தாள்.