திட்டுகளில் படித்த இங்கிலீஷ்

பனிக்கு இங்கிலீஷில் ‘ஸ்னோ’ என்று சொல்லாத தமிழ் ஆள் ஒருவரைக் காட்டுங்கள், நான் தப்பை ஒத்துக்கொள்கிறேன். ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். குஜராத்திலிருந்து ஒருவர் போன் செய்து, காலையில் கிளைமேட் எப்படி என்று கேட்டார். ‘ஃபுல் ஸ்னோ சார், ரோடே தெரியாது’ என்றேன். கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னேன்? மனிதர் பெண்டாட்டி பிள்ளைகளோடு, பனிக்கட்டியில் விளையாட பூட்ஸும் தடித்த கோட்டுமாக வந்து இறங்கிவிட்டார். மறுநாள் காலையில் மூடுபனியைக் காட்டினேன். ‘ஸ்னோ எங்கே, ஸ்னோ எங்கே’ என்று அந்தப் பிள்ளைகள் அழுத அழுகையில் லாட்ஜே கூடிவிட்டது.

அன்று சாயங்காலமே முதலாளி கூப்பிட்டார். “ஏம்மா, உனக்கு இங்கிலீஷ் ஒத்து வராது. நீ பின்னாடி துணி ரூமைப் பாத்துக்கம்மா” என்றார். என் நாற்காலியில் அவருடைய மச்சினர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு மட்டும் இங்கிலீஷ் கொட்டிக் கிடந்ததா என்ன? எதைக் கேட்டாலும் ‘நோ ப்ராப்ளம்’ என்பார், அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது. பெட்ஷீட் மடிப்பது மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலை ஏறிக் களைத்து வருகிறவர்களை முகம் பார்த்துப் பேசி அறை கொடுப்பது என் வேலை. எனக்குப் பிடித்த வேலை. அந்த நாற்காலியைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

எங்கே போய்ப் படிப்பது? கோச்சிங் என்றால் சேலத்துக்கு இறங்க வேண்டும். என் வீட்டுக்காரர் அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவர். “போயிட்டு வரதுக்குள்ள பொழுது போயிருமே புள்ள” என்றார். அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம், துணி ரூமில் உட்கார்ந்து, எங்கள் லாட்ஜைப் பற்றி ஜனங்கள் எழுதிப் போட்ட ரிவ்யூக்களைப் போனில் பார்த்தேன். அடேயப்பா! எத்தனை விதமாகத் திட்டியிருக்கிறார்கள்! பிடித்துப்போனவன் ‘குட்’, ‘நைஸ்’ என்று இரண்டு சொல்லோடு போய்விடுகிறான். கோபம் வந்தவன்தான் அகராதியையே இறக்கி வைக்கிறான்.

அதுவே எனக்குப் பாடப் புத்தகம் ஆகிவிட்டது. எங்கள் திட்டு தீர்ந்ததும் பக்கத்து லாட்ஜ், அதற்கு அப்பால் எஸ்டேட் பங்களா என்று, மலையில் யார் யார் என்னென்ன திட்டு வாங்கினார்களோ எல்லாவற்றையும் படித்தேன். போனில் இருக்கிற அகராதி அர்த்தம் சொல்லும். வெறும் அர்த்தம் எனக்கு மண்டையில் ஒட்டாது. பொருளைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். ஒருவர் வெந்நீரை ‘லூக்வார்ம்’ என்று திட்டியிருந்தால், அந்த பாத்ரூமுக்கே போய் பக்கெட்டில் கையை விடுவேன். ஓ, ஆறியும் ஆறாத இந்த வெதுவெதுப்புக்குத்தான் அந்தப் பேரா! ‘டிஞ்சி’ என்பது மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இருட்டு அறை. ‘மஸ்டி’க்குத்தான் ரொம்ப அலைந்தேன். அகராதி ‘பூசண வாடை’ என்றது. மழைக்காலம் முழுக்கத் திறக்காமல் கிடந்த அலமாரிக்குள் தலையை நுழைத்த அன்றுதான் அது என் மூக்குக்குப் புரிந்தது.

ஒரு சொல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ‘இம்மாக்குலேட்’ என்றால் எனக்கு அமலோற்பவ மாதாதான், வேறு அர்த்தமே கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் ‘இம்மாக்குலேட் பாத்ரூம்’ என்று எழுதியிருந்தான். ஐயோ மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டேன். அப்புறம் பார்த்தால், மாசுமறு இல்லாத எதற்கும் அதைச் சொல்லலாமாம். தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

படித்ததெல்லாம் திட்டு என்பதால் வீட்டிலும் வாயைத் திறந்தால் திட்டுதான் வந்தது. “ஏனுங்க, உங்க ஜீப்பு நொம்ப டிலாப்பிடேட்டடா இருக்குதுங்க” என்பேன், இடிந்து விழுகிற நிலை என்று அர்த்தம். அவர் வைத்த ரசம் சப்பென்று இருந்ததை ‘அண்டர்வெல்மிங்’ என்றேன். பாராட்டு என்று நினைத்து மனிதர் இன்னொரு கரண்டி ஊற்றினார். “ஒரு வார்த்தையாச்சும் நல்ல வார்த்தையாப் படிம்மா” என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் மும்பையிலிருந்து ஓர் அம்மாள் பெரிய குடும்பத்தோடு வந்து, மாடியில் எல்லா அறையையும் எடுத்திருந்தார். வந்த நாளிலிருந்து வெயிலே இல்லை. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்துவிடும். ஒரு காலையில் அந்தம்மாள் கீழே வந்து, அறையெல்லாம் ‘மஸ்டி’, மனுஷர் தூங்க முடியாது என்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். மச்சினர் ‘நோ ப்ராப்ளம் மேடம்’ என்று சொல்லிவிட்டு, நேராகச் சமையல் அறைக்கு ஓடினார். “யோவ், தாளிக்கறத நிறுத்துய்யா! மஸ்டர்ட் வாசம் மாடி வரைக்கும் வருதாம்!” சமையல்காரர் பாவம், சட்னிக்குப் போட்ட கடுகு வெடிப்பதற்கு முன்னாலேயே அடுப்பை அணைத்துவிட்டார். பெட்ஷீட் கட்டோடு நின்ற எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

மச்சினர் திரும்பிப் போய், ‘மஸ்டர்ட் ஸ்டாப்டு மேடம்’ என்றார். வேண்டுமென்றே கேலி செய்கிறான் என்று அந்தம்மாள் நினைத்துவிட்டார். பெட்டிகளை இறக்கு, வேறு லாட்ஜுக்குப் போகலாம் என்று டிரைவரைக் கூப்பிட்டார். முதலாளி ஓடி வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பெட்ஷீட் கட்டை அங்கேயே போட்டுவிட்டு நான் முன்னால் போனேன். “நீ எதுக்கும்மா இங்க?” என்று முதலாளி ஆரம்பித்ததைக் காதில் வாங்கவே இல்லை. இங்கிலீஷில் பேசினேன். நீங்கள் சொல்வது சரிதான் மேடம், அறை மஸ்டியாகத்தான் இருக்கிறது என்றேன். ஆனால் அழுக்கு இல்லை, ‘டேம்ப்’. இந்தப் பனியில் கம்பளியெல்லாம் ஈரம் குடித்திருக்கிறது. பாய்லருக்குப் பக்கத்தில் காய்ந்த கம்பளி வைத்திருக்கிறேன், நீங்கள் டிபன் சாப்பிட்டு முடிப்பதற்குள் எல்லா அறையிலும் மாற்றிவிடுவேன். இப்போது உங்களுக்குக் கிடைத்த பதில் ‘அப்பாலிங்’, படுமோசம், அதற்கு மன்னிக்க வேண்டும். நாக்கு ஓர் இடத்திலும் சறுக்கவில்லை. எனக்கே என்னை நம்ப முடியவில்லை!

அந்தம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு நல்ல இங்கிலீஷ் எங்கே கற்றாய் என்று கேட்டார்.

“உங்களை மாதிரி கெஸ்ட் எழுதுகிற கம்ப்ளெயின்ட்டில்தான் மேடம்” என்றேன். “ஆனால் இன்றைக்கு நீங்கள் திட்டியதில் புதுச் சொல் ஒன்றுகூட இல்லை.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பெட்டிகளை மறுபடி மேலே கொண்டுபோகச் சொன்னார்.

கம்பளிகளை மாற்றிவிட்டு இறங்கி வந்தேன். முதலாளி ரிசப்ஷன் பக்கத்திலேயே காத்திருந்தார். மச்சினரைக் காணோம். “ஏம்மா, நாளையிலிருந்து ரிசப்ஷனை நீயே பாத்துக்கறயா?” என்று குரலை இறக்கிக் கேட்டார்.

“நாளைக்கு எதுக்குங்க சார்?” என்று சொல்லிவிட்டு, அப்போதே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.