பதினாலாம் கேள்விக்குப் பன்னிரண்டு ஐந்து

நாற்பத்திரண்டு வயதாகியும் அவள் அக்காவுக்குச் சின்னவள்தான். இந்த நாட்டுக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் பதினேழை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்தே கழித்தாள். நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராத போர்வை அவள் கையைத் தாண்டிப் போனதே கிடையாது. பிறகு முழங்கால் வலி வந்தது. வலியோடு வலியாக ஒரு விண்ணப்பம் போட்டாள். கருத்துக்கணிப்பு அலுவலகத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை கிடைத்தது. ஆறு மாதம் சோதனை. அதற்குப் பிறகுதான் நிரந்தரம்.

மொத்தம் முப்பத்தொரு கேள்விகள். பதினாலாவதுதான் முள். “வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்குள்ளவர்களோடு நன்றாகக் கலந்து வாழ்கிறார்கள். இதை எவ்வளவு ஏற்கிறீர்கள்?” ஒன்று என்றால் அறவே ஏற்கவில்லை, ஐந்து என்றால் முழுக்க ஏற்கிறேன். வாசிப்பவர் சிரிக்கக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது, தலையாட்டக் கூடாது. புரியவில்லை என்று சொன்னால் கேள்வியை அப்படியே திரும்ப வாசிக்கலாம். வேறு ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது.

சமையலறையில் அக்காவை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள்.

“நாம வந்தப்ப அடக்க ஒடுக்கமா வந்தோம்டி. இப்ப வர்றவங்களப் பாரு, வந்த மறுநாளே இந்த ஊரு பஸ் சரியில்லங்கறாங்க” என்றாள் அக்கா.

“அக்கா, நம்பர் மட்டும் சொல்லு.”

“நம்பர் கிடக்கட்டும். நான் சொல்றது சரியா தப்பா?”

சின்னவளுக்குச் சரி என்றுதான் பட்டது. ஆனால் முகத்தில் ஒரு மடிப்பு விழவில்லை. “கேள்வியை மறுபடியும் வாசிக்கிறேன்” என்றாள். அக்கா கரண்டியை ஓங்கினாள்.

ஆறாவது மாதக் கடைசியில் அவளுக்கு ஒரு தெரு ஒதுக்கினார்கள். ஓட்டமாய் ஓடிப்போகும் நாய்களும் ஓயாமல் குரைக்கும் நாய்களுமாகப் பன்னிரண்டு வீடுகள். அந்த அலுவலகத்தில் பன்னிரண்டு கதவில் ஆறு திறந்தாலே கெட்டிக்காரர் என்பார்கள். இவளுக்குப் பன்னிரண்டும் திறந்தன.

பத்தொன்பதாம் எண் வீட்டில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், பதினாலாம் கேள்வி வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“வெளியிலேர்ந்து வந்தவங்கன்னா யாரு? உன்னை மாதிரியா, மத்தவங்களா?”

“கேள்வியை மறுபடியும் வாசிக்கிறேன்.”

“அதான் கேட்டாச்சே. நீயும் அதுல சேர்த்தியா?”

“கேள்வியை மறுபடியும் வாசிக்கிறேன்.”

“ஐயோ, பாவம் பொண்ணு. அஞ்சு போட்டுக்க. நல்லா இரு.”

பதினேழாம் எண்ணில் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். இவள் மழையில் நனைந்து போய் நின்றாள். துண்டு கொடுத்தார், நாற்காலி கொடுத்தார், கேள்வி முடியும் முன்பே ஐந்தும் கொடுத்தார். பன்னிரண்டு வீட்டிலும் அதே கதைதான். சின்னவள் காற்றில் மிதந்து வீடு வந்து சேர்ந்தாள்.

“பாத்தியாக்கா? ஒரு தெருவே நம்மள ஏத்துக்கிட்டுது.”

திங்கட்கிழமை மேலாளர் அம்மா அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு அஞ்சு. எங்க உக்காந்து நிரப்பினீங்க?”

“மேடம்?”

மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று இன்னொரு ஆளை அனுப்பிச் சரிபார்ப்பது அங்கே வழக்கம். இந்த முறை போனவர் நெட்டையர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வாசல் நிலையில் தலை இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் போகாதவர். நாலு வீட்டில் அவருக்குக் கிடைத்தவை ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. கள்ளப் படிவம் என்று முடிவானால் வெள்ளிக்கிழமையே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்த மாதிரி அலுவலகம் எதுவும் வாசல்படி ஏற விடாது. சலவைக்கூடத்துக்குத் திரும்பலாம் என்றால் முழங்கால் விடாது.

சின்னவள் அழவில்லை. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து வைத்தாள். கதவு திறந்த நேரம், திறந்தவர் போட்டிருந்த செருப்பின் நிறம், நடுவில் எத்தனை முறை கொட்டாவி என்பது வரைக்கும் அதில் இருந்தது.

மேலாளர் இரண்டு பக்கம் புரட்டினார். “கொட்டாவியெல்லாம் யாரு எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லல மேடம். எந்த வீட்டுக் கதவ வேணும்னாலும் தட்டுங்க. நானும் வர்றேன், அவரையும் கூப்பிடுங்க. என் மேல தப்பிருந்தா அங்கேயே வேலைய விட்டுடறேன்.”

மேலாளர் பதினேழைத் தேர்ந்தெடுத்தார். செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு மூவரும் மாடியேறினார்கள். மெக்கானிக் கதவைத் திறந்தார். முதலில் சின்னவளைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் அவள் பின்னால் நின்ற நெட்டையரைப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் லிஃப்ட் மாதிரி நின்றுவிட்டது.

“இந்தம்மா வந்து உங்ககிட்டக் கேள்வி கேட்டாங்களா?” என்றார் மேலாளர்.

“கேட்டாங்க. நல்லாவே கேட்டாங்க.”

“பதினாலாவதுக்கு என்ன சொன்னீங்க?”

“அஞ்சு.”

“இவர்கிட்ட?”

மெக்கானிக் தன் வீட்டு வாசல் விளக்கை அன்றுதான் முதன்முறை பார்ப்பவர்போல் அண்ணாந்து பார்த்தார். “ஒண்ணுன்னு நினைக்கிறேன்.”

“எதுங்க நிஜம்?”

“ரெண்டும் நிஜம்தான். இந்தத் தம்பி வந்தாரு. நம்ம ஆளாச்சேன்னு மனசுல இருந்ததக் கொட்டிட்டேன். இந்தம்மா நனைஞ்சு போய் நிக்கறாங்க. மூஞ்சிக்கு நேரா ஒண்ணுன்னா நல்லாவா இருக்கும்? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “மரியாதையா? அவங்க படியிறங்கினதும் என்ன பேசினீங்கன்னு நான் சொல்லட்டுமா?”

“நீ சும்மா இரு!”

வேலை பிழைத்தது. மேலாளர் முகம் தெளிந்ததிலேயே அது தெரிந்தது. ஆனால் சின்னவளுக்கு இப்போதுதான் புரிந்தது. பன்னிரண்டு ஐந்தும் துண்டுகள்தான். நனைந்து வந்தவளுக்குத் தலை துவட்டக் கொடுத்தவை. சும்மா இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவள் எந்தக் காலத்தில் அரைகுறையாக எதையாவது விட்டிருக்கிறாள்?

“சார், உங்க அஞ்சால என் வேலை போகப் பாத்துது. எனக்கு மரியாதை வேண்டாம். உங்க மனசுல உள்ள நம்பர என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்.”

“கோபப்பட மாட்டீங்களே?”

“கோபப்படறதுக்கு எனக்கு அனுமதி இல்ல சார்.”

மெக்கானிக் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். மேல்மாடிக்குப் புதிதாக வந்த குடும்பம் மாடிப்படியில் செருப்பைப் பரப்பி வைப்பது. குப்பையை மாற்றிப் போடுவது. பஸ்ஸில் போனை ஒலிபெருக்கியில் வைத்து ஊருக்கே கதை கேட்க வைப்பது. சொல்லச் சொல்ல அவருக்குச் சுருதி ஏறியது. குப்பை விஷயத்தில் சின்னவளுக்கு அவரைவிட ஆத்திரம் அதிகம். அவள் கட்டடத்திலும் அதே கூத்துதான். தலை ஆடிவிடாமல் இருக்கத் தாடையைக் குறிப்பேட்டில் அழுத்திக்கொண்டாள். இருபத்திரண்டு நிமிஷம் பேசினார்.

“ரெண்டரை” என்றார் கடைசியில்.

“அரை கிடையாது சார்.”

“அப்ப ரெண்டு. மனசாட்சிப்படி ரெண்டு.”

“எனக்கு நாலு! தனியா எழுதிக்கங்க!” என்று மனைவி கூடத்துக்கே வந்துவிட்டார். “மேல்மாடிக்காரிதான் நான் விழுந்தப்ப என்னைத் தூக்கினா. இவரு டி.வி. பாத்துக்கிட்டிருந்தாரு.”

“வீட்டுக்கு ஒருத்தர்தாம்மா” என்றார் நெட்டையர்.

“அப்ப என்னையே எழுதுங்க!”

புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கு நிற்க, மேலாளர் அம்மா பையில் கொண்டுவந்திருந்த காகிதத்தை மாடிப்படிச் சுவரில் வைத்துச் சின்னவளின் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பேனா சுவரில் மை விடவில்லை. இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

“மத்த பதினோரு வீட்டையும் மறுபடி கேட்டுடுங்க. எல்லாத்தையும்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சின்னவள் அடுத்த கட்டடத்தில் பத்தொன்பதாம் எண் மணியை அழுத்தினாள். கண்ணாடி அம்மாள் கதவுச் சங்கிலியை எடுக்காமலே எட்டிப் பார்த்தார்.

“மறுபடியுமா? உனக்குத்தான் அஞ்சு குடுத்துட்டேனேம்மா!”

“அதப் பத்திப் பேசத்தாம்மா வந்திருக்கேன்” என்றாள் சின்னவள். “கொஞ்சம் உக்காந்துக்கலாமா? நேரமாகும்.”